டாக்டர் ஹோமி பாபாவும் நம் கடற்கரை மணலும்

பூதப்பாண்டி என்ற பெயரைக் கேட்டவுடன் தேசபக்தர்களின் நினைவுக்கு ஜீவானந்தம் அவர்கள் வருவது இயல்பு. 1907ஆம் வருஷத்தில் இவ்வூரில் தோன்றிய அப்பெரியாரை நாஞ்சில் நாடு ஒரு நாளும் மறவாது. ஆயினும் அவருக்கு இரண்டாண்டு இளையவராகப் பம்பாயில் பிறந்த வேறொருவருக்கும் நமது பிரதேசம் கடன்பட்டிருக்கிறது. அவர் தொடங்கிய காரியமும் நமது பிரதேசத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. டாக்டர் ஹோமி ஜஹாங்கீர் பாபாவையே குறிப்பிடுகிறோம். ஜனவரி 24ஆம் தேதி அவர் மறைந்த தினம். சிறிய அணு உலைகளைப் பற்றித் தேசமெங்கும் பேச்சு அடிபடும் இந்நாளில் அவருடைய வாழ்க்கையை ஒரு முறை திருப்பிப் பார்ப்பது பொருத்தமாகும் என்று கருதுகிறோம்.

பழையாற்றங்கரையில் நின்று பூதப்பாண்டியைச் சுற்றி நோக்குவோர் தாடகை மலையையும் அதன் பின்னே எழும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் காண்பர். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காற்றாலைகள் சுழல்கின்றன. அதற்கும் அப்பால் கூடங்குளத்தின் பேருலைகள் இருக்கின்றன. தென்மேற்கே, காலையில் புறப்பட்டு மதிய உணவுக்குத் திரும்பிவிடக் கூடிய தொலைவில், மணவாளக்குறிச்சிக் கடற்கரை உளது. யுகயுகமாக மழையும் ஆறுகளும் மலைப் பாறைகளைத் தேய்த்துக் கடலில் சேர்க்க, கடலின் அலைகள் அவற்றைப் புடைத்துக் கனமான மணலை மட்டும் கரையில் ஒதுக்கின. அந்த மணலில் இல்மனைட், சிர்க்கான் முதலியவற்றோடு மானசைட் என்ற தாதுவும், அம்மானசைட்டில் தோரியம் என்ற உலோகமும் அடங்கியிருக்கின்றன. நமது மலையின் செல்வம் இவ்வாறு நமது கடற்கரையில் வந்து குவிந்திருக்கிறது.

இச்செல்வத்தை முதலில் அறிந்தவர்கள் நாமல்லோம். அந்நாளில் நம் முன்னோர் திருவிதாங்கூர் அரசின் பிரஜைகளாக இருந்தனர். இங்கிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய ரசாயன சாஸ்திரி ஆராய்ந்து, அதில் மானசைட் இருப்பதை 1909ஆம் வருஷத்தில் கண்டார். அடுத்த இரண்டொரு வருஷத்துக்குள் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலை தொடங்கிற்று. தோரியம் அந்நாளில் வாயு விளக்குகளின் மாண்டில் செய்வதற்கு வேண்டியிருந்தது. பருத்தியைப் பஞ்சாக அனுப்பித் துணியாக விலைக்கு வாங்கிய அதே கதைதான் இங்கும் நடந்தது. மணல் மூட்டை மூட்டையாகக் கப்பலேறிற்று. மாண்டிலாகத் திரும்பி வந்தது. கோயில் திருவிழாவில் சுவாமிக்கு முன்னே பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து சென்றவர்களில், அவ்வெளிச்சத்துக்கும் நமது கடற்கரைக்கும் உள்ள உறவை அறிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்!

மணலின் மர்மம் வெளிப்பட்ட அதே 1909ஆம் வருஷத்தில், அக்டோபர் 30ஆம் தேதி, பாபா பிறந்தார். தந்தையார் ஜஹாங்கீர் பாபா சட்ட நிபுணர். பாட்டனார் மைசூர் சமஸ்தானத்தில் கல்வி இலாகாவின் தலைமைப் பதவியில் இருந்தவர். அத்தையார் ஸர் தொராப்ஜி டாட்டாவின் மனைவியார். செல்வம், கல்வி, சங்கீதம், சித்திரம் ஆகிய யாவும் அவ்வீட்டில் நிறைந்திருந்தன. பம்பாயில் படிப்பு முடித்த பின் 1927இல் அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார்கள். யந்திரப் பொறியியல் கற்று ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் அமர வேண்டுமென்பது பெரியோர்களின் எண்ணம். பையனின் மனமோ பௌதிக சாஸ்திரத்தில் தோய்ந்துவிட்டது. பொறியியலில் முதல் வகுப்பில் தேறினால் கணிதம் படிக்கவும் பொருள் உதவுவதாகத் தந்தையார் இசைந்தார். பாபா 1930இல் முதல் வகுப்பில் தேறித் தந்தையார் சொல்லையும் காத்தார். தம் வழியையும் பெற்றார்.

ஆராய்ச்சியில் அவருக்கு விரைவிலேயே கீர்த்தி உண்டாயிற்று. எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிச் சிதறுவதைப் பற்றி 1935இல் அவர் வகுத்த கணக்கு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கிரணங்கள் காற்று மண்டலத்தில் நுழைந்ததும் துகள்களை மாரியாகப் பொழிவது எவ்வாறு என்பதை, ஹைட்லர் என்ற அறிஞருடன் சேர்ந்து 1937இல் விளக்கினார். தமது 31ஆவது வயதில் லண்டன் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். ஐரோப்பாவிலேயே தங்கியிருப்பாராயின் பெரிய சர்வகலாசாலைகள் அவரை வரவேற்றிருக்கும் என்பதில் ஐயமில்லை.

விதி வேறு வகையாக நினைத்தது. 1939இல் விடுமுறைக்காகத் தாய்நாடு வந்திருந்தபோது யுத்தம் மூண்டது. பாபா திரும்பவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞான ஸ்தாபனத்தில், ஸர் சி. வி. ராமன் அவர்கள் இருந்த இடத்தில், காஸ்மிக் கிரண ஆராய்ச்சிப் பிரிவை ஏற்றார். யுத்தம் முடிந்த பின்னரும் அவர் கப்பலேறவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது. 1944 மார்ச்சில் டாட்டா தர்ம ஸ்தாபனத்துக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அணுசக்தியிலிருந்து மின்சாரம் பெறும் காலம் வருமுன்னே அதற்குரிய நிபுணர்களை இங்கேயே தயார் செய்துவிட வேண்டும், அந்நாளில் ஆட்களுக்காக அந்நிய தேசங்களை நாடி நிற்கலாகாது என்பதே அதன் சாரம். ஹிரோஷிமாவில் குண்டு விழுவதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாக, நாடு அடிமைப்பட்டிருந்த காலத்தில், இவ்வாறு சிந்தித்தவர்கள் மிகச் சிலரே. அக்கடிதத்தின் பயனாக 1945இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி ஸ்தாபனம் பிறந்தது.

இதற்கிடையில் நமது கடற்கரை மணல் ராஜ்ய விவகாரமாகிவிட்டது. அணுசக்திக்குத் தோரியம் உதவும் என்று தெரிந்ததும் வல்லரசுகளின் கண் திருவிதாங்கூர்க் கரையின்மேல் விழுந்தது. 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனிநாடாக நிற்கும் என்று திவான் ஸர் சி. பி. இராமசாமி ஐயர் அறிவித்தபோது, மானசைட்டும் பேச்சில் ஒரு துருப்பாக விளங்கிற்று. நல்லவேளையாகச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1948 ஆகஸ்டில் அணுசக்திக் கமிஷன் அமைந்தது. பாபா தலைவர், வத்திராயிருப்பில் பிறந்த நம் தமிழர் டாக்டர் கே. எஸ். கிருஷ்ணனும், டாக்டர் பட்நாகரும் அங்கத்தினர்கள். 1950இல் இந்திய அருமணல் கம்பெனி தோன்றிற்று. 1952இல் ஆலுவாயில் மானசைட்டைப் பக்குவப்படுத்தும் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இடையே 1951இல், உணவுப் பஞ்சத்தால் நாம் அமெரிக்காவிடம் கோதுமைக் கடன் கேட்ட சமயத்தில், மானசைட் ஏற்றுமதித் தடையை அதற்கு ஈடாக நீக்க வேண்டுமென்ற பேச்சு அங்கே எழுந்தது. பிரதம மந்திரி நேரு அதற்கு இணங்கவில்லை. பசித்த வேளையிலும் விற்காத மணல் அது. இதை நம் இளைஞர்கள் நினைவில் வைத்தல் நலம்.

மணலைக் காத்தால் மட்டும் போதுமா? அதை ஆளும் வித்தை கைவர வேண்டும். பாபா மிகச் சிறியதிலிருந்து தொடங்கினார். பம்பாய்க்கு அருகே டிராம்பேயில் ஒரு நீர்த்தொட்டியைக் கட்டி, அதனுள் எரிபொருளை அமிழ்த்தி இயக்கும் உலையொன்றை நம்மவர்களே வகுத்து, நம்மவர்களே ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்குள் நிர்மாணித்தனர். 1956ஆம் வருஷம் ஆகஸ்ட் 4ஆம் தேதி அது உயிர்பெற்றது. சோவியத் நாடு நீங்கலாக ஆசியாக் கண்டத்தில் எழுந்த முதல் அணு உலை அதுவே. நீரினடியில் தோன்றிய நீல ஒளியைக் கண்டு நேரு அதற்கு அப்ஸரா என்று பெயரிட்டார். அதன் ஆற்றல் ஒரே ஒரு மெகாவாட். ஒரு தெரு விளக்குக்குக் கூட அது மின்சாரம் தரவில்லை. ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமே பயன்பட்டது. எரிபொருளும் இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். ஆனால் உலையை ஆளும் கைகள் நம்முடையவை. அந்தத் தொட்டியின் அருகே பழகியவர்களே பின்னாளில் பெரிய நிலையங்களை நடத்தினார்கள். அதே வருஷம் நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது என்பதையும் இங்கே சேர்த்து எண்ணிப் பார்க்கிறோம்.

பாபாவின் மூன்று கட்டத் திட்டத்தைச் சுருங்கச் சொல்வோம். இந்தியாவில் யுரேனியம் குறைவு, தோரியம் மிகுதி. ஆனால் தோரியம் தானாகப் பற்றிக்கொள்ளாது. அது ஈர விறகு போன்றது. வேறொரு நெருப்பின் அருகே வைத்து முதலில் உலர்த்த வேண்டும். ஆகவே முதற்கட்டத்தில் இயற்கை யுரேனியத்தைக் கனநீர் உலையில் இட்டு மின்சாரமும் புளூட்டோனியமும் பெறுவது. இரண்டாங் கட்டத்தில் அப்புளூட்டோனியத்தை வேக ஈனுலைகளில் எரித்து, எரித்ததைக் காட்டிலும் அதிகமான எரிபொருளை ஈட்டுவதோடு, சுற்றிலும் தோரியத்தை அடுக்கி அதை யுரேனியம் 233 ஆக மாற்றுவது. மூன்றாங் கட்டத்தில் தோரியத்தையும் அந்த யுரேனியத்தையும் கொண்டே உலைகளை நடத்துவது. மணவாளக்குறிச்சி மணலே அம்மூன்றாங் கட்டத்தின் மூலதனம். 1954இல் இத்திட்டம் வெளியிடப்பட்டபோது நமது மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்திருக்கவுமில்லை.

உலையின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகில் அணு மின்சாரமே சிறிய உலைகளில்தான் தொடங்கிற்று. 1954 ஜூனில் ரஷ்யாவின் ஒப்னின்ஸ்க் நிலையம் 5 மெகாவாட் மின்சாரம் தந்தது. அமெரிக்கர் முதலில் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பலில் சிற்றுலையை அமைத்தனர். பின்னர் கிரீன்லாந்தின் பனியிலும் தென் துருவக் கண்டத்திலும் பகுதி பகுதியாகக் கொண்டு சென்று பூட்டினர். உலை பெரிதாகப் பெரிதாக ஒரு யூனிட் மின்சாரத்தின் செலவு குறையும் என்ற கணக்கினால், பணக்கார நாடுகள் நாளடைவில் 1000 மெகாவாட் வரை ஏறின. நமக்கு அது இயலாதிருந்தது. மின்சாரத் தொடர் சிறியதாயிருக்கும்போது அதில் ஒரே பேருலையைப் பூட்டினால், அது ஒரு நாள் திடீரென்று நிற்க, தொடர் முழுவதும் சரிந்துவிடும். ஆகையால் பாபா தாராப்பூருக்கும் ராஜஸ்தானுக்கும் 200 மெகாவாட்டை ஒட்டிய உலைகளையே தேர்ந்தார். அன்று தேவை காரணமாகக் கொண்ட அளவு அது. 300 மெகாவாட்டுக்குக் குறைந்தவை சிறிய உலைகள் என்று இன்று சர்வதேச அணுசக்தி ஏஜென்ஸி வகுத்திருக்கும் இலக்கணத்துக்குள் அவை அடங்குகின்றன.

பெரியோரின் வாழ்க்கையை எழுதுங்கால் புகழ்மாலை மட்டும் தொடுப்பது நமது வழக்கமன்று. பாபாவின் கணக்குகள் சில தவறின. 1987க்குள் பல்லாயிரம் மெகாவாட் அணு மின்சாரம் கிட்டுமென்று அவர் மதிப்பிட்டார். அதில் பத்தில் ஒரு பங்கும் அவ்வாண்டில் கிட்டவில்லை. சூரியனில் நிகழும் அணுச் சேர்க்கையை இருபதாண்டுக்குள் மனிதன் வசப்படுத்துவான் என்று 1955இல் ஜினீவா மகாநாட்டின் தலைமைப் பீடத்திலிருந்து எதிர்பார்த்தார். அது இன்னும் கைகூடவில்லை. 1964இல் சீனா குண்டு வெடித்த பின் அணுகுண்டின் செலவை மிகக் குறைத்து மதிப்பிட்டு வானொலியில் பேசியது, காந்தியடிகள் பிறந்த நாட்டில் பலருக்கு வருத்தமளித்தது. அணுசக்திச் சட்டம் இலாகாவைச் சுற்றி எழுப்பிய இரகசிய மதிலுக்கும் அவர் பொறுப்பாளியே. உலைகளை நடத்துவோர் வேறு, அவற்றின் பாதுகாப்பை ஆராய்வோர் வேறு என்ற ஏற்பாட்டுக்காக ஒரு தனி வாரியம் 1983இல்தான் அமைந்தது.

இக்குறைகளையெல்லாம் தட்டில் வைத்த பின்னும் அவருடைய நிறை கனமாகவே இருக்கிறது. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. சித்திரம் தீட்டினார், மேல்நாட்டுச் சங்கீதத்தில் மூழ்கினார், ஆராய்ச்சிக் கூடத்தின் சுவர்களில் இந்திய ஓவியர்களின் படங்களை மாட்டினார், கட்டடத்தைச் சுற்றி மரம் வைப்பதிலும் தாமே கருத்துச் செலுத்தினார். முதலில் தகுதியுள்ள மனிதரைத் தேடி, பிறகு அவரைச் சுற்றி ஸ்தாபனத்தை வளர்ப்பது அவர் முறை. 1966 ஜனவரி 24ஆம் தேதி, வியன்னாவில் நடக்கவிருந்த கூட்டத்துக்குச் சென்றுகொண்டிருந்தபோது, அவர் ஏறிய ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையின் மான் பிளாங் சிகரத்தில் மோதிற்று. அதிலிருந்த 117 பேரும் மாண்டனர். பாபாவுக்கு அப்பொழுது வயது 56. இந்திரா காந்தி அவர்கள் முதன்முறை பிரதமராகப் பதவியேற்ற நாளும் அதுவே.

தலைவர் மறைந்ததும் சாய்ந்துபோகும் காரியங்கள் பல. பாபாவின் காரியம் சாயவில்லை. 1974இல் பொக்ரான் சோதனைக்குப் பின் கனடா தன் உதவியை நிறுத்திக்கொண்டது. ராஜஸ்தானில் பாதியில் நின்ற இரண்டாவது உலையை நம்மவர்களே முடித்தனர். தாராப்பூருக்கு எரிபொருள் தர அமெரிக்காவும் பின்னர் மறுத்தது. அயல்நாட்டு எரிபொருளை நம்பிய நிலையம் தவித்தது. இயற்கை யுரேனியத்தை நம்பிய வழி பிழைத்தது. 1983இல் கல்பாக்கத்தில் நம் கையால் முழுமையாக அமைந்த உலை இயங்கிற்று. அதன் பின் நரோரா, காக்ராபார், கைகா, ராஜஸ்தான் என 220 மெகாவாட் உலைகள் பன்னிரண்டு எழுந்தன. கைகாவில் ஓர் உலை 962 நாள் இடைவிடாது ஓடி 2018இல் உலக சாதனை படைத்தது. 1996இல் கல்பாக்கத்தில் காமினி என்ற 30 கிலோவாட் சிற்றுலை, தோரியத்திலிருந்து பெற்ற யுரேனியம் 233ஐக் கொண்டு இயங்கத் தொடங்கிற்று. அரிஹந்த் என்ற நீர்மூழ்கிக் கப்பலின் உலையும் 2013இல் உயிர்பெற்றது. அப்ஸராவும் 2018இல் புதுப்பிறவி எடுத்தது. இம்முறை எரிபொருளும் நம் நாட்டிலேயே ஆயிற்று.

இப்பொழுது உலகம் மீண்டும் சிறியதை நாடுகிறது. உலையின் பகுதிகளைத் தொழிற்சாலையில் ஒரே அச்சாகச் செய்து, நிலையத்துக்குக் கொண்டு வந்து பொருத்துவதே மாடுலர் உலை என்பதன் தத்துவம். ரஷ்யா 35 மெகாவாட் உலைகள் இரண்டை ஒரு மிதவையில் அமைத்து, 2020 முதல் வடகடல் துறையொன்றுக்கு மின்சாரம் தருகிறது. சீனா ஷிதாவ் வளைகுடாவில் 210 மெகாவாட் நிலையத்தை 2023இல் வியாபார ரீதியாக இயக்கிற்று. அதே வருஷத்தில் அமெரிக்காவில் பெரிதும் பேசப்பட்ட ஒரு திட்டம் செலவு ஏறியதால் கைவிடப்பட்டது. நமது சர்க்கார் 2025ஆம் வருஷத்து வரவுசெலவுத் திட்டத்தில் 20,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 2033க்குள் நம்மவர்களே வகுத்த சிறிய உலைகள் ஐந்தேனும் இயங்க வேண்டுமென்று இலக்கு வைத்தது. பழகிய 220 மெகாவாட் உலையைத் தொழிற்சாலைகளின் உபயோகத்துக்கெனத் திருத்தி அமைக்கும் ஏற்பாடும், 200 மெகாவாட்டிலும் 55 மெகாவாட்டிலும் புதிய உலைகளை வகுக்கும் வேலையும் அத்திட்டங்களில் அடங்கும்.

இவற்றை நாம் வரவேற்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு அல்ல. பாபாவின் வாழ்க்கை மூன்று உரைகற்களை நம் கையில் தந்திருக்கிறது. உலையை வகுக்கும் அறிவு நம்முடையதா என்பது முதலாவது. வெளிநாட்டார் கதவைச் சாத்தினாலும் எரிபொருள் கிடைக்குமா என்பது இரண்டாவது. பூதப்பாண்டியிலும் மணவாளக்குறிச்சியிலும் வாழ்வோர் கேட்க வேண்டியது மூன்றாவது: மணலுக்குச் சொல்லப்பட்ட வாக்கு என்னவாயிற்று? தோரியத்தையே பிரதான எரிபொருளாகக் கொண்டு மின்சாரம் விற்கும் நிலையம் ஒன்றும் நம் நாட்டில் இதுவரை எழவில்லை. சிறிய உலைகளின் பெயரால் முதற்கட்டத்திலேயே நின்றுவிட்டு மூன்றாங் கட்டத்தை மறப்பது, நாற்றங்காலைப் பார்த்து மகிழ்ந்து நடவை மறப்பது போலாகும்.

கடற்கரை மக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர்கள் இயற்கையான கதிர்வீச்சு மிகுந்த மணலின்மேல் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேர் பரப்பில் மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது, 2024இல் அவர்கள் அதை எதிர்த்துக் குரல் எழுப்பினர். கரை அரிக்குமோ, உடல் நலம் கெடுமோ, வீடு நிலைக்குமோ என்று அஞ்சுவோரைத் தேச முன்னேற்றத்துக்கு விரோதிகள் என்று பழிப்பது அழகன்று. கணக்குகளைத் தமிழில் அவர்கள் முன் வைத்து, அவர்கள் கேள்விக்கு விடை கூறி, அவர்கள் சம்மதத்தைப் பெறுவதே சுயராஜ்யத்தின் முறை. பாபாவின் காலத்து இரகசிய மதில் இன்னும் நிற்க வேண்டியதில்லை.

1909இல் மணலைக் கண்டவன் அந்நியன்; விலை பேசியவனும் அந்நியன். 1956இல் ஒரு மெகாவாட் உலையைக் கட்டி அந்த அடிமைக் கணக்கைத் திருத்தத் தொடங்கியவர் பாபா. சிறிய உலை என்பது புதிய மோகமாக வந்தால் அது வந்த வழியே போய்விடும். நம் கையால், நம் பொருளால், நம் மக்களின் சம்மதத்தோடு வருமாயின், நாஞ்சில் மலையிலிருந்து இறங்கிக் கடற்கரையில் காத்திருக்கும் அந்த மணலுக்கு விமோசனம் கிடைக்கும். டாக்டர் பாபாவுக்கு நாம் செலுத்தத் தக்க அஞ்சலி அதுவே.